பேர் வெட்டிய கூஜா

கிளியம்மாள் வீட்டு டைனிங் டேபிளில் அதுவரை ஒருத்தரும் ஒரு வாய் சோறு தின்றது கிடையாது. இரும்புலியூரில் நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு, தாம்பரத்தில் சிமென்ட் கடை வைத்தார் அவள் புருஷன் குப்புராஜ். பெரிய மனுஷன் வீடு என்றால் டைனிங் டேபிள் இருக்க வேண்டும் என்று எவனோ சொல்ல, தேக்கில் ஒன்று செய்து கூடத்தில் போட்டார். போட்ட நாளிலிருந்து மடிக்காத துணியும் கடைச் சாவியும் பழைய பேப்பரும்தான் அதன்மேல் சொகுசாகக் கிடந்தன. வீட்டு மனிதர்கள் அதன் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்த டேபிளைத்தான் எண்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு கிளியம்மாள் அலங்காரம் பண்ண வேண்டியிருந்தது. ஆசைக்கு அல்ல. மகள் ஜெயக்கொடி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவாளா, இல்லை காலத்துக்கும் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாளா என்பது அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் இருந்தது.

ஜெயக்கொடிக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ராஜகோபாலுக்குக் குரோம்பேட்டையில் சொந்த வீடு, கம்பெனியில் கணக்கு வேலை. நல்ல பையன், என்ன கேட்டாலும் "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பான். அந்த அம்மா வேதா, ரயில்வே கார்டின் மகள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, டியூஷன் எடுத்துப் பிள்ளையை ஆளாக்கியவள். பேச்சு குறைவு. பேசினால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

ஆனி மாசம் வேதா திருப்பதிக்குப் போயிருந்த சமயம், தெருவில் எவர்சில்வர்க் கூடைக்காரி கூவிக்கொண்டு வந்தாள். பழைய பித்தளை, வெண்கலம், ஜரிகைப் புடவை எதைப் போட்டாலும் எவர்சில்வர் தருகிறவள். ஜெயக்கொடி பரணில் ஏறிப் பார்த்தாள். ஒரு கோணி மூட்டையில் வெண்கலத் தட்டுகள், செம்பு, தாம்பாளம், குத்துவிளக்கு, கூஜா எல்லாம் களிம்பேறிக் கறுத்துக் கிடந்தன. அத்தைக்கு ஒரு நல்லது பண்ணுவோம் என்று நினைத்தாள் பாவிப் பெண். மூட்டையோடு தூக்கிப் போட்டுவிட்டு, கண் கூசுகிற மாதிரி எவர்சில்வர் வாங்கி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ந்த வளர்ப்பு அப்படி. கையில் நாலு காசு சேர்ந்ததும் கிளியம்மாள் பண்ணிய முதல் வேலை வீட்டுப் பித்தளையை எல்லாம் போட்டு எவர்சில்வர் வாங்கியதுதான். "பித்தளைய வெச்சிக்கினு தேய்க்கிறவ பஞ்சத்துல கீறவ" என்று மகள் காதுபட ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். வேதா வருஷத்துக்கு ஒரு தரம், தீபாவளிக்கு மட்டும் அந்த மூட்டையைப் பிரித்துத் துலக்கி, அம்மா நினைவாக டேபிளில் பரப்பி அதில்தான் சாப்பிடுவாள் என்பது தையில் வந்த மருமகளுக்கு எப்படித் தெரியும்? ஒரு தீபாவளியைக்கூட அவள் அந்த வீட்டில் பார்த்ததில்லையே.

திருப்பதியிலிருந்து வந்த வேதாவிடம் ஜெயக்கொடியே பெருமையாக நடந்ததைச் சொன்னாள். வேதா கத்தவில்லை. வெறும் பரணைப் பார்த்துவிட்டு இறங்கினாள். மருமகளின் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள்.

"எங்கம்மா பாத்திரத்தோட வா. அப்புறம் படியேறு" என்றாள். ராஜகோபால் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

குப்புராஜ் பதறிப்போய் ஓடினார். "புச்சா அதேமாரி பத்து செட்டு வாங்கித் தரேன் சம்பந்தி" என்றார். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டாள். ஆனால் கிளியம்மாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாத்திரத்தோட வா என்று சொல்லியிருக்கிறாளே, வராதே என்று சொல்லவில்லையே! பாத்திரம்தானே, தேடினால் கிடைக்காதா?

கூடைக்காரியைத் தெருத் தெருவாகத் தேடிப் பிடித்தாள். அவள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துலுக்காணம் என்கிற பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அன்றிலிருந்து கிளியம்மாளுக்கு வெள்ளிக்கிழமை விரதம் போனது, கோயில் போனது. காலையிலேயே மின்சார ரயில் ஏறிவிடுவாள். குரோம்பேட்டை ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து தெரியாத சம்பந்தி வீட்டைத் தெரிகிற மாதிரி எட்டிப் பார்ப்பாள். பிறகு பல்லாவரத்தில் இறங்கி நடப்பாள்.

"யக்கா, கடல்ல கரைச்ச பெருங்காயத்தத் தேடிகினு வந்துகீற" என்றான் துலுக்காணம், முதல் தடவை. "நான் வாங்குனது இன்னிக்கி இங்க, நாளைக்கி எவன் வூட்லயோ. மிச்சம் மீதி உருக்குப் பட்டறைக்குப் பூடும். எனுக்கு இன்னா ஞாபகம் கீது?"

"பாத்திரத்துல முத்தாலம்மாள்னு சம்பந்தியோட அம்மா பேர் வெட்டிகீதாம், ண்ணே. என் பொண்ணு வாழ்க்கை. உன்ன சாமியா கும்புட்றேன்."

சாமியாகக் கும்பிட்டதாலோ என்னவோ, அவன் மனசு இளகியது. அடுத்தடுத்த வாரங்களில் தன் கடையைக் குடைந்தான், பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டான், மீனம்பாக்கத்தில் யாருக்கோ விற்ற தாம்பாளத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தான். முதல் தட்டு கிடைத்த அன்று கிளியம்மாள் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி, மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி ரயிலில் வைத்துக்கொண்டு வந்தாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பேரை ஜெயக்கொடி விரலால் தடவிப் பார்த்து ஓவென்று அழுதாள். அன்று ராத்திரி அந்தப் பெண் வயிறாரச் சாப்பிட்டாள்.

பாத்திரம் தேடப் போன இடத்தில் கிளியம்மாளுக்குப் புதிதாக ஒரு கண் முளைத்துவிட்டது. சந்தையில் கிடக்கும் பழைய சாமான்களைப் பார்த்தால் கை சும்மா இருக்கவில்லை. பரங்கிமலைப் பக்கம் ஏதோ சட்டைக்காரக் குடும்பம், ஆங்கிலோ இந்தியர்கள், வீட்டைக் காலி பண்ணி ஆஸ்திரேலியா போனபோது வந்ததாம், நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு, பச்சைக் கண்ணாடி ஜாடி, பிடியில் திராட்சைக் கொத்து செதுக்கிய கரண்டிகள். வாயகன்ற வெண்கல உருளி ஒன்று. சம்பந்தி வரும்போது டேபிளில் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

"இன்னாமே கிளி, நம்ம வூட்டுப் பித்தளைய எல்லாம் கூடைக்காரிக்குத் தூக்கிக் குடுத்துட்டு, இப்போ ஊர் வூட்டு ஓட்டை ஒடசல வாங்கியாற?" என்று குப்புராஜ் சிரித்தார். நியாயமான கேள்விதான்.

ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாம் கிடைத்துவிட்டது, கூஜா ஒன்றைத் தவிர. வேதாவின் அப்பா டியூட்டிக்குத் தண்ணீர் எடுத்துப்போன, திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா.

"கூஜாவா? திருகு மூடி போட்டதா?" துலுக்காணம் பீடியை அணைத்தான். "அது போய்ட்ச்சி யக்கா. இப்பத்தான் நெனப்பு வருது. மூடி மாட்டிகினு தொறக்கல. நான்தான் பட்டறை மூட்டையில போட்டேன். இந்நேரம் அது எந்தக் கொழாயா ஒழுவுதோ."

சரி, ஒன்று போனால் போகிறது, இருப்பதைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம் என்றுதான் கிளியம்மாள் நினைத்தாள். அவள் நினைத்தபடி நடந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு இருந்திருக்குமோ என்னவோ. எனக்கு நம்பிக்கையில்லை. எப்படியும் குப்புராஜின் வாய் அதற்கு விடவில்லை. தலை தீபாவளிக்கு அழைக்க வெற்றிலை பாக்கோடு குரோம்பேட்டை போனவர், வேதா "பாத்திரம் எல்லாம் கிடைச்சுதா?" என்று கேட்டதும், "ஒண்ணு வுடாம கீது சம்பந்தி! கூஜா முதக்கொண்டு!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

"கூஜா இல்லன்னு தெரியுமில்ல உனுக்கு?" கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா அப்பிடிப் பாக்குதுமே. இல்லன்னு சொன்னா வர மாட்டேன்னுடும். வாயில வந்துட்ச்சி, இன்னா பண்ண?"

"எப்ப வராங்களாம்?"

"தீபாவளி அன்னிக்கி மத்தியானம்."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை முதல்நாளே வந்துவிட வேண்டும். விடியற்காலை மாமியார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிற தலை தீபாவளியை யாராவது கேள்விப்பட்டதுண்டா? கிளியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வருகிறேன் என்று சொன்னதே பெரிசு என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் பண்ணியதுதான் தப்பு. சந்தையில் அதே அளவில், அதே மாதிரி திருகு மூடி போட்ட வேறொரு பழைய கூஜாவை வாங்கினாள்.

"ஏண்டி, கூஜாவுல பேர் இருந்துச்சா?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்மா? கறுப்பா இருந்துச்சு. தட்டுல இருந்துச்சு, செம்புல இருந்துச்சு, அதுலயும் இருந்திருக்கும்" என்றாள் ஜெயக்கொடி. பிறகு மெதுவாக, "வேணாம்மா, உள்ளதைச் சொல்லிடலாம்" என்றாள்.

"நீ சும்மா இரு. உள்ளதைச் சொல்லித்தான் இன்னிக்கு இங்க கீற."

மார்க்கெட்டில் பேர் வெட்டுகிறவரிடம் போனாள். மிஷினில் எழுத வேண்டாம், பழைய காலத்து மாதிரி உளியால் புள்ளி வைத்து வெட்ட வேண்டும் என்று தட்டையும் கூடவே கொடுத்தாள். அவர் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி வெட்டிக் கொடுத்தார். புள்ளிகளில் புகைக்கரியும் எண்ணெயும் குழைத்துத் தேய்த்துத் துடைத்தாள் கிளியம்மாள். அசலும் நகலும் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே தெரியாது.

தீபாவளி அன்று விடிகாலையிலிருந்து மழை. தெருவில் வெடிச் சத்தமே இல்லை. கிளியம்மாள் டேபிளைத் துடைத்து, தன் கல்யாணக் கூறைப் புடவையை அதன்மேல் விரித்தாள். அரக்குச் சிவப்பு, நிஜ ஜரிகை. கூடைக்காரிகள் எத்தனையோ தடவை கேட்டும் அந்த ஒன்றை மட்டும் அவள் போட்டதில்லை. நடுவில் உருளியில் தண்ணீர் நிரப்பி மஞ்சள் சாமந்தியும் கனகாம்பரமும் மிதக்கவிட்டாள். பக்கத்தில் குத்துவிளக்கு. புளியும் செங்கல் தூளும் போட்டுக் கை வெந்துபோகத் தேய்த்த வெண்கலத் தட்டுகள் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால். தாம்பாளத்தில் அதிரசமும் சுழியமும், நீலப்பூப் பீங்கானில் வடை, பச்சை ஜாடியில் மோர். சம்பந்தி உட்காரும் இடத்துக்கு எதிரே, கண்ணில் படுகிற மாதிரி, பேர் தெரிகிற மாதிரி, கூஜா.

குப்புராஜ் குளித்துவிட்டு வந்து நின்று பார்த்தார். கேலி பண்ண வாய் வரவில்லை. "சோக்கா கீதுமே" என்றார். ஜெயக்கொடி தன் பெட்டியைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். யாரும் கட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் மனசில்லை.

மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. குடையும் பையுமாக ராஜகோபால் இறங்கினான். வேதா உள்ளே வந்தாள். டேபிளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கல்லு முகம் கரையும் என்று கிளியம்மாள் கனவிலும் நினைத்ததில்லை. வேதா ஒரு தட்டை எடுத்து விளிம்பைத் தடவினாள். "எங்கம்மா இதுலதான் எனக்குப் பிசைஞ்சு ஊட்டுவாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்னமா தேய்ச்சிருக்கீங்க! நான்கூட இப்படி அலங்காரம் பண்ணதில்ல."

"உட்காருங்க சம்பந்தி. உட்காருங்க மாப்ளே." கிளியம்மாள் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அங்காளம்மா தாயே, கண் திறந்துவிட்டாய் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

சாப்பிட்டார்கள். இட்லியும் கறிக்குழம்பும் வடையும் சுற்றிச் சுற்றி வந்தன. ஜெயக்கொடிதான் பரிமாறினாள். ராஜகோபால் குழம்பு இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். மூன்றாம் தரம் அவள் கரண்டியைக் கொண்டுபோனபோது, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து "போதும்" என்றான். ஆனிக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அடுப்படிக்குள் வந்த ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கிளியம்மாளுக்கு இத்தனை மாச அலைச்சலும் மறந்துபோனது.

சாப்பாடு முடிந்ததும் வேதா சொன்னாள்: "பாத்திரத்தைக் கழுவிக் குடுங்க. நானே துடைச்சுக்கறேன்."

கழுவிக் கொண்டுவந்தார்கள். ராஜகோபால் கொண்டுவந்திருந்த பைகளை விரித்தான். ஒவ்வொன்றுக்கும் இடையில் வைக்கப் பழைய துணிகூட மடித்து எடுத்து வந்திருந்தார்கள். வேதா தட்டுகளைத் துடைத்து வைத்தாள், செம்பை வைத்தாள், விளக்கைத் துணியில் சுற்றி வைத்தாள். அதுவரை அம்மா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காதவள், கடைசியாகக் கூஜாவைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். பேரைப் பார்த்தாள். பிறகு அதை டேபிளில், கூறைப் புடவையின் மேல், மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"இது எங்களோடது இல்ல" என்றாள்.

"இன்னா சம்பந்தி, பேர் கீது பாருங்க, முத்தாலம்மாள்னு..." குப்புராஜ் முன்னால் வந்தார்.

"எங்கப்பா கூஜாவுல பேரே கிடையாது. 'பொம்பளை பேர் வெட்டின கூஜாவைத் தூக்கிட்டு டியூட்டிக்குப் போனா ஸ்டேஷனே சிரிக்கும்'னு அப்பா அம்மாவை வெட்டவே விடல. அதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் பேச்சு இல்ல. நான் சின்னப் பொண்ணு, எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபமிருந்தால் காலில் விழுந்தாவது தணிக்கலாம். "செத்துப் போனவங்க பேரைப் புதுசா வெட்டி என் முன்னாடி வெச்சிருக்கீங்களே!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. கிளியம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழவில்லை, அவ்வளவுதான். "தப்புதான் சம்பந்தி. நான்தான் பண்ணேன். அது உருகிப் போய்ட்ச்சி, மத்ததெல்லாம் அசலு, சத்தியமா. என் பொண்ணு வேணாம்னுதான் சொல்லுச்சு. பாத்திரத்தோட வான்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா நாயா அலைஞ்சேனே!"

வேதா பையின் வாயைக் கட்டினாள். "கார்த்திகை போகட்டும். பாக்கலாம்" என்றாள்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அப்போதுதான் கிளியம்மாள் கவனித்தாள். ஆட்டோ போகவே இல்லை. மழையில் வாசலிலேயே காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டை கட்டத் துணி முதற்கொண்டு எடுத்து வந்தவர்கள், மருமகளை அழைத்துப் போகிறவர்கள் எடுத்து வரும் பூவோ மஞ்சள் குங்குமமோ ஒரு புடவையோ எடுத்து வரவில்லை. கூஜா அசலாகவே இருந்திருந்தாலும் அதுவும் அந்தப் பைக்குள் போயிருக்கும், அவ்வளவுதான். இவர்கள் பாத்திரத்துக்கு வந்தார்கள். இது தெரியாமல் கல்யாணப் புடவையை விரித்துப் பூவை மிதக்கவிட்டேனே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஜெயக்கொடி கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள்.

ராஜகோபாலின் இரண்டு கையிலும் பை. "அம்மா நனையறாங்க" என்றான். பைகளைப் பத்திரமாக ஆட்டோவில் ஏற்றினான். தானும் ஏறிக்கொண்டான். ஆட்டோ தேங்கிக் கிடந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

கூடத்தில் டேபிள் அப்படியே இருந்தது. தட்டுகள் இருந்த இடத்தில் கூறைப் புடவையில் வட்ட வட்டமாக ஈரம். உருளிப் பூ வாடத் தொடங்கியிருந்தது. நடுவில் கூஜா மட்டும் பளபளவென்று நின்றது. குப்புராஜுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இந்த எழவாலதான் எல்லாம்!" என்று கூஜாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் எறியப் போனார்.

கிளியம்மாள் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மார்போடு அணைத்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"வேணாய்யா. அவங்களுது இல்லன்னு வெச்சிட்டுப் பூட்டாங்க. நாமளும் தூக்கிப் போட்டா அது எங்கய்யா போவும்?"

பெட்டியைக் கையில் பிடித்தபடி ஜெயக்கொடி வாசலிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.